பத்துக்குப் பத்து நிச்சயம்!

டிரிங்... டிரிங்...!

விஷ முறிவு உதவி மையத்தின் சிவப்பு போன் அலறியது.

காலை மணி பத்து ஐம்பத்திரண்டு.

ஆபரேட்டர் பாய்ந்து எடுத்தாள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர்.

"விஷ முறிவு மையம்... சொல்லுங்க!"

"என் மனைவி பூச்சி மருந்தைக் குடிச்சிட்டா!" ஓர் ஆணின் குரல். மூச்சு வாங்கியது. "செடிக்கு அடிக்கிற மருந்து. நீல பாட்டில். நூறு மில்லி. பத்து நாற்பதுக்கு. வெறும் வயிறு. எடை ஐம்பத்து நாலு கிலோ. வேற நோய் எதுவும் கிடையாது. பத்துக்குப் பத்து நிச்சயம்! ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு. பத்து நிமிஷத்துல அங்க இருப்போம். ஊசிய ரெடியா வைங்க!"

ரேடியோவின் பேனா படிவத்தின் கட்டங்களில் ஓடியது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

க்ளிக்!

"வச்சிட்டாரு டாக்டரம்மா! என் சர்வீஸ்லயே முதல் தடவையா ஒரு போன்ல நான் ஒரு கேள்வி கூடக் கேக்கல. சும்மா இருந்து இருந்து எனக்கே வாய் வலிக்குது!"

பக்கத்து மேஜையிலிருந்து படிவத்தை வாங்கினாள் அந்தப் பெண் டாக்டர். வயது நாற்பத்தொன்று. ஆஸ்பத்திரியில் அவளுக்கும் ஒரு பெயர் உண்டு... 'போன் டாக்டர்'!

எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது.

கடைசிக் கட்டத்தில் அவள் கண் நின்றது. 'சொல்பவருக்கு எவ்வளவு நிச்சயம்? பத்துக்கு...'

மூன்று வருடத்துக்கு முன் அவளே சண்டை போட்டுச் சேர்த்த கட்டம் அது. அம்மாக்கள் ஆறு என்பார்கள். அண்ணன்கள் ஏழு என்பார்கள். "எனக்கு என்ன தெரியும் டாக்டர்" என்று அழுபவர்களுக்கு ரேடியோவே மூன்று போட்டுக்கொள்வாள்.

பத்து?

இதுவரை ஒருவரும் சொன்னதில்லை!

நெஞ்சுக்குள் ஒரு சின்ன முள். ஆனால் முள்ளைப் பிடுங்கிப் பார்க்க நேரமில்லை. போன் யாருடைய முறையில் வந்ததோ அந்த டாக்டர்தான் நோயாளியையும் பார்க்க வேண்டும் என்பது மையத்தின் விதி.

ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கினாள்.

நான்கு மாதமாக அவள் இறங்காத படிகள். அதுவரை அவள் முறையில் வந்ததெல்லாம் போனிலேயே தீர்ந்த கேஸ்கள்...

* * *

நான்கு மாதத்துக்கு முன் அவள் கீழ்த்தளத்தில், அவசரப் பிரிவில்தான் இருந்தாள். ஒரு பெயின்டரைத் தூக்கி வந்தார்கள். என்ன குடித்தான் என்று கூட வந்த தம்பிக்குத் தெரியவில்லை. ஊகமாக ஒரு பெயரைச் சொல்லி, பத்துக்கு நாலுதான் நிச்சயம் என்றான். தப்பான மருந்தை ஏற்றினால் உயிர் போகும். ரத்தப் பரிசோதனை வர இருபது நிமிடம்.

காத்திருந்தாள்.

பதினேழாவது நிமிடம் பெயின்டர் இறந்து போனான்.

விசாரணை மூன்று நாள் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைமை மருத்துவர். அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ டைப் அடித்துக்கொண்டே இருந்தார்கள். டக்... டக்... டக்... யார் என்று திரும்பிப் பார்க்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"காத்திருந்தது தப்புதானே?"

"இல்ல சார். அப்ப எனக்குத் தெரிஞ்சதை வச்சு நான் எடுத்த முடிவு சரி. நடந்தது தப்பாப் போச்சு."

"இதைச் செத்தவன்கிட்ட போய்ச் சொல்லுங்க!"

டக்... டக்... டக்...

தீர்ப்பு ஒரே வார்த்தை. தாமதம்! அவளைப் போன் அறைக்கு மாற்றினார்கள். இன்னொரு உயிர் தாமதத்தால் போனால் வேலை காலி என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த டக் டக் இன்னும் அவளுக்குள் ஓயவில்லை. பல் தேய்க்கும்போது கேட்கும். பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்கும். தண்டனை அவளை அவ்வளவாக உறுத்தவில்லை. வேறொன்று உறுத்தியது.

அடுத்த முறை முடிவெடுக்கப் போவது நானா... என் பயமா?

பயத்துக்கு எதிராக அவளிடம் இருந்தது பல வருடமாகக் கோட் பாக்கெட்டில் வைத்திருக்கும் ஒரு சின்ன நோட்டுதான். எதையும் செய்வதற்கு முன் அதில் எழுதுவாள். மணி என்ன, தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, பத்துக்கு எவ்வளவு. முன்னால் எழுத வேண்டும். நடந்து முடிந்த பிறகு எழுதினால் எல்லாருமே மேதைகள்தான்!

* * *

மணி பதினொன்று மூன்று.

ஸ்ட்ரெச்சர் உள்ளே பாய்ந்தது.

முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். நினைவில்லை. உடையெல்லாம் நனைந்து பூச்சி மருந்து நெடி மூக்கைப் பிளந்தது. பின்னாலேயே கணவன். மடிப்புக் கலையாத சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, கண்ணில் தாரை தாரையாகக் கண்ணீர்.

"டாக்டர்! ஊசி! சீக்கிரம்!"

"மருந்து ரெடி டாக்டர். முழு டோஸ்," என்றாள் சிஸ்டர். அவசரப் பிரிவின் தலைமை நர்ஸ். இருபது வருடமாக ஓடிக்கொண்டே இருப்பவள்.

போன் டாக்டர் குனிந்தாள்.

கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தது. விஷம்தான்! ஆனால் சில தூக்க மருந்துகளாலும் அப்படிச் சுருங்கும். நெடி அடிக்கிறது. விஷம்தான்! ஆனால் நெடி உடையில் அடித்த அளவு வாயில் அடிக்கவில்லை. நுரை தள்ளவில்லை. வியர்வை இல்லை. தோல் உலர்ந்திருந்தது.

ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்தாள்.

லப்... டப்... நடுவில் மெல்லிய ஓர் உருட்டல்.

நிமிர்ந்தாள்.

"இவங்களுக்கு இதயத்துல ஏதாவது கோளாறு இருக்கா?"

"சத்தியமா இல்ல டாக்டர்! கல்லு மாதிரி இருப்பா!"

"கல்லுக்குள்ள வால்வு சுருங்கியிருக்கே..."

கதவு படீரென்று திறந்தது. தலைமை மருத்துவர்! வழுக்கைத் தலை வியர்த்திருந்தது.

"இன்னும் ஏன் ஊசி போடல?"

"யோசிக்கிறேன் சார்."

"மறுபடியுமா? விதி என்ன சொல்லுது? பூச்சி மருந்துன்னு சந்தேகம் வந்தா முழு டோஸ்!"

"விஷம் உள்ள இருந்தா இந்த ஊசி இவங்களக் காப்பாத்தும் சார். இல்லைன்னா இந்த ஊசியே இவங்களுக்கு விஷம். நாடி தறிகெட்டு ஓடும். இந்த வால்வு தாங்காது. நுரையீரல்ல தண்ணி கட்டி, பத்து நிமிஷத்துல போயிடுவாங்க."

"ரத்தப் பரிசோதனை?"

"இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்."

"நிஜமாவே விஷம்னா அதுவரைக்கும் தாங்குவாங்களா?"

"தாங்க மாட்டாங்க. அதனால காத்திருக்கப் போறதில்ல. முழு டோஸ் போடவும் போறதில்ல."

"அப்ப என்ன... பக்கத்துல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் போறீங்களா?"

"கேட்டுப் பார்க்கப் போறேன்."

"யாரை?"

"இவங்க உடம்பை!"

நோட்டை எடுத்தாள். பேனா நடுங்கியது. நடுங்கினாலும் எழுதியது. 'மணி 11.09. விஷம் இருக்க வாய்ப்பு பத்துக்கு ஆறு. இல்லாமலிருக்க நாலு. பத்தில் ஒரு பங்கு டோஸ். ஐந்து நிமிடம்.'

"சிஸ்டர், பத்துல ஒரு பங்கு மட்டும் ஏத்துங்க. விஷம் இருந்தா இந்தத் துளி மருந்தை அது இருந்த இடம் தெரியாம முழுங்கிடும். நாடி அசையாது. உடனே மிச்சத்தையும் ஏத்திடலாம். விஷம் இல்லைன்னா நாடி குதிக்கும். இந்தக் குதியை வால்வு தாங்கிக்கும், முழு டோஸைத்தான் தாங்காது."

"அஞ்சு நிமிஷமா?" கணவன் அலறினான். "என் பொண்டாட்டி செத்துட்டிருக்கா சார்! இது தாமதம்! அநியாயத் தாமதம்!"

தாமதம்...

அந்த வார்த்தை அவள் முதுகுத்தண்டில் இறங்கியது. டக்... டக்... டக்...

தலைமை மருத்துவர் அவளருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இதோ பாரும்மா. இந்த அஞ்சு நிமிஷத்துல இவங்க செத்தா என்னால உன்னைக் காப்பாத்த முடியாது."

"தெரியும் சார். ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் இப்ப முழு ஊசியும் போட்டு இவங்க செத்துட்டா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"யாரும் என்னை ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. விதிப்படி போட்டேன், விஷம் முத்திடுச்சுன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிடலாம். எனக்குப் பத்திரமான வழி அதுதான் சார். இவங்களுக்கு இல்ல. அதனாலதான் போட மாட்டேன்!"

"தள்ளு! நானே போடறேன்!"

அவர் கை ஊசியை நோக்கி நீண்டது.

அவள் நகரவில்லை. நோட்டைத்தான் நீட்டினாள்.

"போடுங்க சார். போடறதுக்கு முன்னாடி, ஏன் போடறீங்கன்னு இதுல எழுதி, மணி போட்டு ஒரு கையெழுத்து!"

அவர் கை அந்தரத்தில் நின்றது. ஒரு விநாடி... இரண்டு விநாடி...

மெல்லக் கீழே இறங்கியது.

"ஏத்துங்க சிஸ்டர்!"

* * *

"நாடி அறுபத்து நாலு," என்றாள் சிஸ்டர்.

முதல் நிமிடம்.

"அறுபத்து நாலு."

இரண்டாவது நிமிடம்.

"அறுபத்தாறு."

"அசையவே இல்லையே!" தலைமை மருத்துவர் கத்தினார். "விஷம்தான்! போடு மிச்சத்தை!"

அவள் மானிட்டரைப் பார்த்தாள்.

உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. போட்டுவிடேன்... அவரே சொல்கிறார்... பழி அவரோடு போகும்... நீ நிம்மதியாகத் தூங்கலாம்...

அது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரியும். நான்கு மாதமாக அவள் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் குரல். பயம்!

"அஞ்சு நிமிஷம்னு எழுதியிருக்கேன் சார். ரெண்டுதான் ஆச்சு."

மூன்றாவது நிமிடம்.

"அறுபத்தெட்டு."

கணவன் சுவரில் சாய்ந்தான். அழுகை நின்றிருந்தது. அவன் கண்கள் மானிட்டரையே கொத்திக்கொண்டிருந்தன.

"எழுபத்தாறு..." சிஸ்டரின் குரல் மாறியது. "தொண்ணூறு டாக்டர்! நூத்தி நாலு! நூத்தி பன்னிரண்டு!"

குதித்துவிட்டது!

"விஷம் இல்ல!" போன் டாக்டர் மூச்சை விட்டாள். "முழு டோஸைத் தூக்கி அலமாரியில வைங்க. நாடியை நிதானப்படுத்தணும். உடுப்பை மாத்தி உடம்பைத் துடைச்சு விடுங்க. இவங்க விஷத்துல மயங்கல. தூக்க மருந்துல தூங்கறாங்க!"

கணவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இந்த முறை கண்ணீர் வரவில்லை.

"அப்பாடா... தப்பா நினைச்சிட்டேன் டாக்டர். பக்கத்துல பாட்டில் கிடந்துச்சா... பதட்டத்துல..."

"பரவாயில்லப்பா," தலைமை மருத்துவர் அவன் தோளைத் தட்டினார்.

"பதட்டத்துல இருக்கறவங்க பத்துக்குப் பத்து சொல்ல மாட்டாங்க சார்," என்றாள் அவள்.

"சும்மா இரும்மா! இவர் யாருன்னு தெரியுமா? பொய்யே வராத மனுஷன். நம்ம ஆபீஸ் ஸ்டெனோ! உன் விசாரணை மூணு நாளும் ஒரு எழுத்து பிசகாம டைப் அடிச்சதே இவர்தான்!"

அவள் நோட்டை மூடினாள்.

டக்... டக்... டக்...

முதன்முறையாக அவள் திரும்பி அந்த முகத்தைப் பார்த்தாள்.

சுவரிலிருந்த இன்டர்காமை அழுத்தினாள். "ரேடியோ, அந்தப் போன்ல அவர் எதை முதல்ல சொன்னார், எதைக் கடைசியில சொன்னார்?"

"வரிசையா சொன்னாரு டாக்டரம்மா! என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, சாப்பிட்டாச்சா, எடை, வேற நோய், கடைசியா நிச்சயம். நம்ம படிவத்தைப் பக்கத்துல வச்சு வாசிச்ச மாதிரி. டேப்பைப் போடட்டா?"

கணவன் தோளைக் குலுக்கினான். "நான் பத்துத் தடவை டைப் அடிச்ச படிவம். ஞாபகத்துல வந்துச்சு. அது குத்தமா?"

"குத்தமில்ல. ஆனா அதுல ஒரு கட்டத்தைப் பொய்யா நிரப்பியிருக்கீங்க. வேற நோய் கிடையாதுன்னு."

"எனக்கு அவ வால்வைப் பத்தி எதுவும் தெரியாது!"

"தெரியுமா தெரியாதான்னு எனக்கும் தெரியல. இவங்களையே கேட்டுடலாம். மருந்து இறங்கட்டும்."

கணவன் வாசலைப் பார்த்தான்.

"நான்... வீட்டுக்குப் போய் அவளுக்கு மாத்து உடுப்பு எடுத்துட்டு வந்துடறேன்..."

கடகடவென்று ஒரு தள்ளுவண்டி வந்து கதவுக்குக் குறுக்கே நின்றது. அதன் மேல் சிஸ்டர் சாய்ந்து உட்கார்ந்தாள். இருபது வருடத்தில் அவள் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை!

"உடுப்பு இங்கயே குடுப்போம் தம்பி. உங்களுக்கும் சேர்த்து!"

* * *

பிற்பகல் மூன்று மணி.

மனைவி கண் திறந்தாள். கட்டிலருகே போலீஸ் இன்ஸ்பெக்டர். கட்டைக் குரல், கூர்மையான கண்கள், பேசும்போது பேனாவைக் கடிக்கும் பெண். தலைமாட்டு நாற்காலியில் போன் டாக்டர், கால் பக்கம் தலைமை மருத்துவர். வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே கணவன்.

"காலையில என்னம்மா நடந்துச்சு?"

"பிரிஞ்சிடலாம்னு சொன்னேன்." குரல் கம்மியது. ஆனால் தளரவில்லை. "பெட்டிகூடக் கட்டி வச்சிட்டேன். சரி, உன் இஷ்டம்னு சொல்லிட்டு டீ போட்டுக் குடுத்தார். கல்யாணமாகி பதினோரு வருஷத்துல அவர் போட்ட முதல் டீ. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும் மேடம்!"

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிப் பேனாவைக் கடித்தாள்.

"பூச்சி மருந்து குடிச்சீங்களா?"

"நானா? வாழத்தானே பெட்டி கட்டினேன்!"

"உங்க வால்வு கோளாறு உங்க கணவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் போன் டாக்டர்.

"தெரியுமாவா? மாசாமாசம் அந்த மாத்திரைய வாங்கிட்டு வர்றதே அவர்தான். நாடி ஓடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னப்ப என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார்."

எல்லாத் தலைகளும் வாசலுக்குத் திரும்பின.

போன் டாக்டர் எழுந்து அவன் முன் போய் நின்றாள்.

"டீயில தூக்க மருந்தைக் கலந்து, உடுப்புல பூச்சி மருந்தை ஊத்தி, என் முறை எப்பன்னு பார்த்துத்தான் போன் பண்ணியிருக்கீங்க. தாமதம்னு தண்டனை வாங்கினவ இந்தத் தடவை யோசிக்காம குத்திடுவான்னு நம்பினீங்க. நாலுன்னு சொன்னப்ப காத்திருந்தவ, பத்துன்னு சொன்னா பாய்ஞ்சிடுவான்னு நினைச்சீங்க. விஷம்னு சொல்றது நீங்க, கொல்றது நான், சாவு சர்டிஃபிகேட் குடுக்கறது ஆஸ்பத்திரி!"

அவன் உதடு கோணியது.

"மூணு நாளும் உங்களுக்குப் பின்னாலதான் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியப் பிடிச்சிருந்த உங்க கை நடுங்கிட்டே இருந்துச்சு. இந்தக் கை இனிமே யோசிக்காதுன்னு நினைச்சேன்."

"இன்னைக்கும் நடுங்கிச்சு," என்றாள். "நடுங்குற கையாலயும் எழுதலாம்!"

அவனை இழுத்துச் சென்றார்கள்.

தலைமை மருத்துவர் தொண்டையைக் கனைத்தார்.

"எப்படியோ... உனக்கு அதிர்ஷ்டம் இருந்துச்சும்மா. அவன் பொய் சொல்றான்னு முன்னாடியே கண்டுபிடிச்சிட்ட."

"இல்ல சார்." நோட்டைத் திறந்து காட்டினாள். "பாருங்க. விஷம் ஆறு, இல்லாதது நாலு. அவர் சொன்னதைப் பாதிக்கு மேல நம்பியிருக்கேன். என் ஊகம் தப்பு. எடுத்த முடிவு சரி. அந்த அஞ்சு நிமிஷத்துல இவங்க இறந்திருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். நீங்களும் மறுபடி மேஜை போட்டு விசாரிச்சிருப்பீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெயின்டர் விஷயத்துலயும் இப்படித்தான் எழுதினேன் சார். அதே நோட்டு, அதே கை. அவர் போயிட்டார், இவங்க பிழைச்சிட்டாங்க. அந்த பைலைத் திறங்க. மன்னிப்புக் கேக்கச் சொல்லல. நான் எழுதினதை ஒரு தடவை படிங்க. போதும்."

"நாளைக்கு..." என்று இழுத்தார்.

"தாமதம் சார்!"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "சரிம்மா. இன்னைக்கே."

இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டை மூடப் போனவள் நிறுத்தினாள்.

"கடைசியா ஒரு கேள்வி டாக்டர். இந்தாள்தான் செஞ்சார்னு உங்களுக்கு எவ்வளவு நிச்சயம்? உங்க வழக்கப்படியே... பத்துக்கு?"

"ஒன்பது."

"வால்வு தெரிஞ்சிருக்கு... டீ குடுத்திருக்கார்... கிட்டத்தட்ட ஒத்துக்கவே செஞ்சிட்டார்... இன்னுமா பத்து இல்ல?"

போன் டாக்டர் ஜன்னல் வழியே கீழே பார்த்தாள்.

"பத்து சொன்ன ஒரே ஆளு உங்க ஜீப்புல உட்கார்ந்திருக்காரு மேடம்!"